அறுவை மருத்துவமும் தேர்வுக் காலமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நொச்சிக்குப்பத்துக் கரையில் பிறந்து வளர்ந்தவர்க்குக் காலத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. வாடை எப்பொழுது எழும், கச்சான் எப்பொழுது வீசும், எந்தத் திங்களில் எந்த மீன் கரையை நாடும் என்பனவற்றை ஏட்டைப் பாராமலே சொல்ல வல்ல பெரியோர் பலர் இங்கு வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். வலையும் வலிமையும் இருந்தும், காலம் தவறிக் கடலில் இறங்கியவன் வெறுங்கையோடு திரும்புவான் என்பது இக்கரை கற்பித்த பாடம். 'காலமறிதல்' என்று தனி அதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர்.

கடலில் நாம் கற்ற இப்பாடத்தைக் கல்வியில் கற்றோமா? நமக்கு எத்தனை இடம் என்று கேட்டோம், போராடினோம், பெற்றோம். அது நம் முன்னோரின் அரிய வெற்றி. ஆனால் இடத்தின் வாயிலைத் தாண்டியபின் காலம் என்ற மற்றொரு வாயில் நிற்பதை நம்மில் பலர் உணரவில்லை. ஒரு தேர்வு எந்த நாளில் நடக்கிறது, அதற்கு முன் எந்தத் தகுதி முடிந்திருக்க வேண்டும், அந்நாள் தள்ளிப் போனால் இடைப்பட்ட மாதங்களுக்கு யார் சோறு போடுவது என்ற வினாக்களுக்கு விடை இல்லாமையால், அறிவும் உழைப்பும் இருந்தும் திரும்பி வந்தவர் உண்டு. அறுவை மருத்துவராக விழையும் இளைஞர்க்கு இது மிகவும் பொருந்தும். ஏனெனில் கல்விகளுள் நெடியது அக்கல்வி. எம்.பி.பி.எஸ். படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்து ஐந்தரை ஆண்டு, எம்.எஸ். மூன்று ஆண்டு, இதய அறுவை, நரம்பியல் அறுவை போன்ற உயர்துறைகளில் எம்.சிஎச். பெற மேலும் மூன்று ஆண்டு. ஒரு நாளும் வீணாகாவிடினும் பதினோரு ஆண்டு ஆறு மாதம் ஆகும். பதினெட்டு வயதில் புகுந்தவர் முப்பதை நெருங்கும்போதுதான் வெளியே வருவார். இடையில் ஒவ்வொரு தேர்வும் சில மாதங்களை விழுங்கினால் அந்தக் குடும்பத்தின் நிலை என்னவாகும்?

இந்த நோக்கில் மருத்துவத் தேர்வுகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலண்டனில் நடந்த தேர்வு

நம் குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் சென்றால் ஒரு மணி நேரத்திற்குள் சென்னை அரசுப் பொது மருத்துவமனையை அடைந்துவிடலாம். அதனோடு இணைந்த மருத்துவப் பள்ளி 1835ஆம் ஆண்டில் தொடங்கியது. 1850இல் கல்லூரியாக உயர்ந்தது. அருகில் இருந்தும் அது நமக்கு நெடுந்தொலைவில் இருந்தது. 1885இல் மகளிர்க்கெனச் சென்னையில் தோன்றி, பின்னர்ச் சேப்பாக்கத்திற்கு வந்த மருத்துவமனை, 'சாதி மற்றும் கோஷா மகளிர்க்கான விக்டோரியா மருத்துவமனை' என்றே பெயர் பெற்றிருந்தது. சாதி இந்து மகளிரையும் கோஷா பேணிய இசுலாமிய மகளிரையும் கருதி வைத்த பெயர் அது. அப்பெயர்ப் பலகையில் எவர்க்கு இடமில்லை என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. அதே மருத்துவமனை இன்று கஸ்தூர்பா காந்தி பெயரைத் தாங்கி, சாதி வேறுபாடின்றி எல்லாத் தாய்மார்க்கும் பேறு பார்க்கிறது. காலம் மாறும் என்பதற்கு இதுவே சான்று.

அந்நாளில் பெரிய மருத்துவமனைகளின் தலைமை அறுவை மருத்துவர் பதவிகள், 'ஐ.எம்.எஸ்.' எனப்பட்ட இந்திய மருத்துவப் பணியினர் கையிலேயே நெடுங்காலம் இருந்தன. அப்பணிக்குப் போட்டித் தேர்வு 1855இல் தொடங்கியது. தேர்வு எல்லார்க்கும் பொது என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் நடந்தது இலண்டனில். வங்காளத்தைச் சேர்ந்த சூர்ஜோ குமார் சக்கரவர்த்தி அவ்வாண்டிலேயே அதில் தேறி, அப்பணியில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். அவருடைய திறமை போற்றத்தக்கது. எனினும் அவர் முன்பே இங்கிலாந்து சென்று பயின்றவர் என்பதையும் மறத்தலாகாது. இந்நாட்டில் படித்த ஒருவர் கப்பலேறிச் சென்று, வயது வரம்பு கடப்பதற்குள் அங்குத் தங்கிப் படித்துத் தேர்வெழுத வேண்டுமானால் எத்துணைப் பொருளும் காலமும் வேண்டும்! ஆகவே, ஒரு தேர்வு எல்லார்க்கும் பொது என்று சொல்லுவதனால் மட்டும் அது பொதுவாகிவிடாது. அதன் ஊரும் நாளும் எல்லார்க்கும் எட்ட வேண்டும். இது 1855ஆம் ஆண்டின் பாடம்.

பட்டப் படிப்பின் செலவைத் தாங்க இயலாதவர் பலர் 'எல்.எம்.பி.' என்ற உரிமச் சான்றிதழ்ப் படிப்பை நாடினர். இராயபுரத்தில் இருந்த மருத்துவப் பள்ளி இப்படிப்பை நல்கியது. 1938இல் அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1914இல் வந்தது. இவ்வாறு உரிமம் ஒரு படி, பட்டம் மற்றொரு படி, உயர்பதவி அதற்கும் மேல் ஒரு படி என்று ஏணி அமைந்தது. ஏணியின் அடிப்படிகூட நம்மவர் காலுக்கு எட்டாதிருந்த காலம் அது.

இடம் கிடைத்த வரலாறு

1921இல் தொடங்கி, 1928இல் உறுதியாக நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி ஆணை முதலில் அரசுப் பணிகளைப் பற்றியது. பின்னர் அம்முறை தொழிற்கல்லூரிகளுக்கும் விரிந்தது. 1950இல் மருத்துவக் கல்லூரியில் ஒவ்வொரு 14 இடத்திற்கும் ஒரு பங்கீடு இருந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் 1, இசுலாமியர்க்கு 1 என்பது அக்கணக்கு. மருத்துவம் பயில வேண்டும் என்ற எண்ணமே கனவாயிருந்த குடும்பங்களுக்கு அந்த 14இல் 2 என்பது எத்துணைப் பெரிய கதவு!

அக்கதவை மூடும் முயற்சியும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. செண்பகம் துரைராசன் என்ற அம்மையார் இவ்வாணையை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தார். அவர் அதுவரை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. உயர்நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. பெரியார் முன்னின்றார். அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்து நாடாளுமன்றத்தில் திருத்தத்தை ஆதரித்து வாதாடினார். 1951 சூன் 18இல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. ஏப்ரலில் அடைபட்ட கதவு சூனில் திறந்தது. கல்லூரி திறக்கும் பருவத்தை அது தவறவிடவில்லை. நம் தலைவர்கள் காலமறிந்து செயலாற்றினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இடம் கிடைத்தது. உதவித் தொகையும் 1944 முதலே பள்ளியிறுதிக்குப் பிந்திய படிப்புக்கு வழங்கப்பட்டு வந்தது. தமிழகத்தில் 1971இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஒதுக்கீடு 16லிருந்து 18 விழுக்காடாயிற்று. 1990இல் பழங்குடியினர்க்குத் தனியே ஒரு விழுக்காடு பிரிக்கப்பட்டது. 2009இல் ஆதிதிராவிடர்க்கான 18 விழுக்காட்டிற்குள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. இவ்வளவில் நம் வரலாறு முன்னேற்றத்தின் வரலாறே.

இருபதாண்டு இழப்பு

எம்.பி.பி.எஸ். முடித்தவர் அறுவை மருத்துவராகப் பட்ட மேற்படிப்பு வேண்டும். அங்கேதான் அடுத்த சோதனை காத்திருந்தது. 1984இல் பிரதீப் ஜெயின் வழக்கில், மாநிலங்கள் தத்தம் இடங்களில் ஒரு பகுதியை அனைத்திந்தியப் போட்டிக்கு விட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறியது. அதனைத் தொடர்ந்து வந்த தினேஷ்குமார் வழக்கின் ஆணைகளால் மேற்படிப்பில் 25 விழுக்காடு அவ்வாறு ஒதுக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றால் அது 50 விழுக்காடாயிற்று. இவ்விடங்களுக்குத் தனியே ஓர் அனைத்திந்திய நுழைவுத் தேர்வு நடந்தது.

இவ்வாறு பொதுவிற்குச் சென்ற இடங்களில் ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கீடு இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில், நம் வரிப்பணத்தில் நடக்கும் அதே அறுவைத் துறையில், மாநிலத்தின் பங்கில் நமக்குரிமை இருந்தது. அனைத்திந்தியப் பங்கில் இல்லை. 2007 சனவரி 31இல் அபய்நாத் வழக்கில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின்னரே அப்பங்கில் ஆதிதிராவிடர்க்கு 15, பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடு கிடைத்தது. இடைப்பட்ட காலம் இருபதாண்டுக்கு மேல். அந்த இருபதாண்டில் இழந்த எம்.எஸ். இடங்களை எவரும் திருப்பித் தரப் போவதில்லை. இதர பிற்படுத்தப்பட்டோர்க்கு அவ்வுரிமை 2021இல்தான் வந்தது. உரிமை தாமதமாக வந்தாலும் உரிமைதான்; ஆனால் தாமதத்தின் விலையை ஒரு தலைமுறை செலுத்திவிட்டது.

உயர்துறையான எம்.சிஎச். படிப்பில் வகுப்புவாரி ஒதுக்கீடு கூடாதென 1999இல் பிரீதி சீவத்சவா வழக்கில் அரசியல் சாசன ஆயம் கூறியதையும் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. அப்படியில் தரவரிசை ஒன்றே துணை. ஆகவே அதற்கு முந்திய படிகளில் காலத்தை வீணாக்காதிருத்தல் இன்னும் இன்றியமையாததாகிறது.

நாள் மாறிய தேர்வு

இப்பொழுது நம் கண்முன் நடப்பதற்கு வருவோம். நாடு முழுமைக்கும் ஒரே நுழைவுத் தேர்வு என்ற 'நீட்' முறையை உச்சநீதிமன்றம் 2013 சூலையில் செல்லாதென்றது. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. அதன் பின்னர் மேற்படிப்புக்கும் இத்தேர்வே நிலைத்தது. இதனைத் தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது.

இதில் தேர்வெழுத விழைவோர்க்கு இரண்டு நாள்கள் முக்கியம். ஒன்று, தேர்வு நாள். மற்றொன்று, ஓராண்டுப் பயிற்சியை முடித்திருக்க வேண்டிய இறுதி நாள். பயிற்சி அந்த இறுதி நாளுக்கு மறுநாள் முடிந்தாலும் அவ்வாண்டு வாய்ப்பில்லை. பெற்ற தரவரிசையும் அவ்வாண்டுக் கலந்தாய்வுக்கு மட்டுமே செல்லும்.

2018, 2019, 2020 ஆகிய மூன்றாண்டுகளிலும் தேர்வு சனவரி முதல் வாரத்தில் நடந்தது. பெருந்தொற்று வந்தது, ஒழுங்கு குலைந்தது. 2021இல் ஏப்ரல் 18 என்று குறித்த தேர்வு செப்டம்பர் 11இல் நடந்தது. அதன் கலந்தாய்வோ 2022 சனவரியில்தான் தொடங்கியது. 2022இல் மார்ச்சு 12 என்றது மே 21 ஆயிற்று. பயிற்சி முடிக்கும் இறுதி நாள் மே 31லிருந்து சூலை 31க்குத் தள்ளப்பட்டது. 2023இல் தேர்வு மார்ச்சு 5இல் நடந்தது; ஆனால் பயிற்சியின் இறுதி நாள் மார்ச்சு 31, சூன் 30, ஆகஸ்டு 11 என்று இருமுறை உருமாறியது. 2024இல் மார்ச்சு 3 என்றனர். சூலை 7 என்றனர். சூன் 23 என்றனர். அந்த சூன் 23க்கு முந்திய இரவில், வெளியூர்த் தேர்வு மையங்களுக்குப் பலர் போய்ச் சேர்ந்திருந்த வேளையில், தேர்வு இல்லை என்று அறிவித்தனர். முடிவில் ஆகஸ்டு 11இல் நடந்தது. 2025இல் சூன் 15இல் இரு வேளைகளாக நடத்தத் திட்டமிட்டனர். இரு வேறு வினாத்தாள்கள் ஒரே அளவு கடினமாக இருக்க இயலா என்று கூறி, ஒரே வேளையில் நடத்துமாறு உச்சநீதிமன்றம் பணித்தது. தேர்வு ஆகஸ்டு 3க்குச் சென்றது.

இம்மாற்றங்களுள் சில நியாயமானவை. பயிற்சி முடியாதவர்க்கு நாள் நீட்டித்தது நன்மையே. ஆனால் நாள் நகரும்போதெல்லாம் சுமை எல்லார் தோளிலும் ஒன்றுபோல் விழுவதில்லை என்பதை நாம் உணர வேண்டும். தந்தையும் மருத்துவராக உள்ள வீட்டில், தள்ளிப் போன ஐந்து மாதம் மேலும் படிக்கக் கிடைத்த ஐந்து மாதம். மீன் கூடை சுமந்தோ, கட்டட வேலை செய்தோ, தூய்மைப் பணி புரிந்தோ மகளைப் படிக்க வைத்த வீட்டில் அது வருவாயில்லாத ஐந்து மாதம். பயிற்சிக் கால ஊதியம் நின்றுவிட்டது. மேற்படிப்பின் ஊதியம் தொடங்கவில்லை. தம்பியின் கல்லூரிக் கட்டணமோ நாள் தவறாமல் வருகிறது. அப்பொழுது அம்மகள் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணிக்குப் போகிறாள். இரவு விழித்துப் பகலில் படித்தால் எத்தனை வினாவுக்கு விடை நினைவில் நிற்கும்? அறுவை மருத்துவம் வேண்டும் என்று புறப்பட்டவள், கிடைத்த துறை போதும் என்று அமைவதற்கும், மேற்படிப்பே வேண்டாம் என்று விடுவதற்கும் இதுவே காரணமாகிறது. அதைத் திறமைக் குறைவென்று உலகம் எழுதிக் கொள்கிறது.

உரிமத் தேர்வும் நுழைவுத் தேர்வும் ஒன்றானால்

2019இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 15ஆம் பிரிவு 'நெக்ஸ்ட்' என்றொரு தேர்வைக் கூறுகிறது. எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வு, மருத்துவம் பார்க்கும் உரிமம், மேற்படிப்பு நுழைவு ஆகிய மூன்றும் அந்த ஒன்றிலேயே அடங்கும். 2023 சூனில் விதிகள் வெளியாயின. தமிழக அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. சூலையில் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது.

இது மீண்டும் வருமானால் நிகழப் போவது யாது? இன்று உரிமத்திற்குத் தேர்ச்சி போதும். தரவரிசைக்குத் தனியே தேர்வு உண்டு. இரண்டும் ஒன்றானால், உரிமம் பெறும் நாளே அறுவை மருத்துவ இடத்தின் தலைவிதியை எழுதும் நாளும் ஆகும். இருமுறை அலைய வேண்டாம் என்பது நன்மை. ஆனால் முதலாண்டில் ஆங்கிலப் பாடநூலோடு மல்லாடி, இறுதியாண்டில்தான் நிமிர்ந்து நிற்கும் முதல் தலைமுறை மாணவர்க்குப் பின்னர் ஈடுசெய்யும் காலம் குறையும். இதனை நம் இளைஞர்கள் முன்கூட்டியே அறிந்து, முதலாண்டிலிருந்தே ஆயத்தமாதல் வேண்டும்.

கடல் கடந்த நாட்டில்

அமெரிக்க நாட்டில் உரிமத் தேர்வுகளின் மதிப்பெண்ணையே உறைவிடப் பயிற்சி இடங்களுக்கும் நெடுங்காலம் அளவுகோலாகக் கொண்டனர். அங்குப் பொது அறுவை ஐந்தாண்டு; நரம்பியல் அறுவை ஏழாண்டு. போட்டி கடுமை. 2022 சனவரி 26 முதல் அவர்களுடைய முதற்படித் தேர்வில் மதிப்பெண் நீக்கப்பட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் அறிவிக்கின்றனர். ஆகவே சுமை முழுதும் இரண்டாம் படித் தேர்வின்மேல் ஏறிவிட்டது. விண்ணப்பங்கள் செப்டம்பர் இறுதியில் மருத்துவமனைகளைச் சேரும். மார்ச்சில் இடம் அறிவிக்கப்படும். சூலையில் பணி தொடங்கும். இரண்டாம் படியின் முடிவு வரச் சில வாரம் ஆகுமாதலால், கோடையிலேயே அதை எழுதினால்தான் விண்ணப்பத்தோடு மதிப்பெண் போகும். அவசரப்பட்டு எழுதிக் குறைந்த மதிப்பெண்ணில் தேறினால் மறுபடி எழுத இயலாது. தோற்றாலோ அத்தோல்வி ஏட்டில் நிலைத்துவிடும். முந்தினாலும் இழப்பு, பிந்தினாலும் இழப்பு.

அயல்நாட்டு மருத்துவர் பலர்க்கு அங்கே அறுவைத் துறையில் முதலில் கிடைப்பது ஓராண்டுத் தற்காலிக இடமே. ஒவ்வொரு படிக்கும் ஆயிரம் டாலரை ஒட்டிய கட்டணம் வேறு. இதனை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை. வழி தெரிந்து புறப்படுக என்பதற்காகவே எழுதுகிறோம்.

அரசுப் பணி என்னும் துறைமுகம்

காத்திருக்கப் பொருளில்லாதவர்க்குத் தமிழகத்தில் ஒரு நல்வழி உண்டு. அரசு மருத்துவராகப் பணியில் சேர்ந்து, ஊதியம் பெற்றுக் கொண்டே, விதித்த காலம் பணி செய்தபின் மேற்படிப்புக்குச் செல்லும் வழி அது. பணியிலுள்ள மருத்துவர்க்கு மேற்படிப்பு இடங்களில் ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று 2020 ஆகஸ்டு 31இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழக அரசு மருத்துவர்கள் தொடுத்த வழக்கு அது. அவ்வாண்டு நவம்பரில் உயர்துறைப் படிப்புகளுக்கும் 50 விழுக்காடு ஒதுக்கித் தமிழக அரசு ஆணையிட்டது. சிற்றூர்ச் சுகாதார நிலையத்தில் கழியும் ஆண்டுகளை இழந்த ஆண்டுகளாகக் கருதற்க. புயலில் அகப்பட்ட படகுக்குத் துறைமுகம் எப்படியோ, நம் இளம் மருத்துவர்க்கு அரசுப் பணி அப்படி.

நாம் செய்யத்தக்கவை

வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் நம் சங்கம் எண்ணிப் பார்க்க வேண்டிய செயல்கள் மூன்று.

முதலாவது, தேர்வு நாள்கள், பயிற்சி முடிக்கும் இறுதி நாள், கலந்தாய்வுக்கான சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தொகுத்து, ஆண்டுதோறும் சங்கப் பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். நாள் மாறினால் அன்றே பலகையும் மாற வேண்டும். சாதிச் சான்றிதழுக்குக் கலந்தாய்வு அறிவித்த பின் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அது நிற்க வேண்டும்.

இரண்டாவது, மருத்துவம் முடித்த மூத்தவர் ஒருவர் படிக்கும் இளையவர் ஒருவரைத் தம்பியாக, தங்கையாக ஏற்று வழிகாட்டுதல் வேண்டும். எந்தத் தேர்வை எப்பொழுது எழுதுவது என்ற அறிவு பிறர் வீட்டில் உணவு வேளையில் கிடைக்கிறது. நம் வீட்டில் அது கிடைக்காது; சங்கத்தில் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் தலையாயது. நாம் கட்டணத்திற்கு உதவினோம், நூலுக்கு உதவினோம், காத்திருப்புக்கு உதவியதில்லை. பயிற்சி முடிந்த நாளுக்கும் மேற்படிப்பில் சேரும் நாளுக்கும் இடையே வீட்டுச் செலவைத் தாங்க ஒரு நிதி தொடங்குதல் வேண்டும். மேற்படிப்பில் ஊதியம் வந்தபின் வட்டியின்றித் திருப்பித் தந்தால் அது அடுத்தவர்க்குப் பயன்படும். இரவுப் பணிக்குச் செல்லாமல் ஆறு மாதம் ஒருத்தி படிக்க முடிந்தால், நம்மிடையே ஓர் அறுவை மருத்துவர் உருவாவார்.

முடிவுரை

1855இல் தேர்வு இலண்டனில் நடந்தது. நம்மால் போக இயலவில்லை. 1951இல் கதவு மூடியது, போராடித் திறந்தோம். 2007 வரை அனைத்திந்திய இடங்களில் நம் பங்கு இல்லை, இன்று உண்டு. எஞ்சி நிற்பது காலத்தின் கதவு. அதைத் திறப்பதற்குச் சட்டம் மட்டும் போதாது. நாளறியும் விழிப்பும், ஒருவரையொருவர் தாங்கும் ஒற்றுமையும் வேண்டும்.

இளைஞர்களே! அலையின் காலமறிந்து கட்டுமரம் இறக்கிய கரை இது. அவ்வறிவோடு கல்விக் கடலிலும் இறங்குவீர்! நீங்கள் துறைமுகம் சேரும்வரை கரையில் விளக்கேந்தி நிற்பது எங்கள் கடமை.